நிறம் கண்ணுக்கு, எழுத்து கணக்குக்கு

கிராமப் பஞ்சாயத்தின் கணக்கு ஊர் மக்கள் அனைவருக்கும் பொதுவான கணக்காகும். முன்பு பேரேடுகளிலும் நோட்டுப் புத்தகங்களிலும் எழுதப்பட்டு வந்த பட்டியல்கள் பல இந்நாளில் கணிப்பொறியில் விரிதாள்களாக வைக்கப்பட்டு வருகின்றன. குடிநீர்க் கட்டணப் பட்டியல், தெரு விளக்குப் பட்டியல், விவசாயி தம் நிலங்களுக்கென வைத்துக்கொள்ளும் வேலைக் குறிப்பு ஆகியவற்றை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ் கால்க் முதலியன இப்பணிக்கு வழக்கமாக உபயோகிக்கப்படும் செயலிகளாகும்.

இவ்விரிதாள்களில் கட்டங்களுக்கு நிறமிடும் பழக்கம் எங்கும் பரவியுள்ளது. பணம் கட்டியவருக்குப் பச்சை, பாதி கட்டியவருக்கு மஞ்சள், கட்டாதவருக்குச் சிவப்பு என்று தீட்டிவிட்டால் பட்டியலைப் பார்த்த மாத்திரத்தில் நிலைமை விளங்கிவிடுகிறது. இதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் “சிவப்பாக உள்ள வீடுகள் எத்தனை? அவற்றிலிருந்து வரவேண்டிய தொகை எவ்வளவு?” என்று கேட்டவுடன் இடர்ப்பாடு தோன்றுகிறது. கணிப்பொறி அதற்கு விடை கூறுவதில்லை. பட்டியலை வைத்திருப்பவர் விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்குகிறார். இந்நிலை ஏன் ஏற்படுகிறது, இதனை எவ்வாறு நீக்கலாம் என்பதை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

சூத்திரம் நிறத்தைக் காணாதது ஏன்?

விரிதாளின் ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. ஒன்று, அக்கட்டத்தில் எழுதப்பட்டுள்ள எண் அல்லது சொல். இதனை மதிப்பு எனலாம். மற்றொன்று, அக்கட்டத்தின் தோற்றம்; நிறம், எழுத்தின் தடிமன், கோடு ஆகியவை இதில் அடங்கும். சூத்திரங்கள் மதிப்பை மட்டுமே படிப்பவை. “இந்தச் சொல்லுக்குச் சமமானவை எத்தனை?” என்றும் “இந்த எண்ணுக்கு மேற்பட்டவற்றின் கூட்டுத்தொகை யாது?” என்றும் சூத்திரத்தால் கேட்க முடியும். “இந்த நிறம் உள்ளவை எத்தனை?” என்று கேட்பதற்கு எண்ணும் சூத்திரங்களிலோ கூட்டும் சூத்திரங்களிலோ இடமில்லை.

இதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. டான் பிரிக்லின், பாப் ஃபிராங்க்ஸ்டன் என்னும் இருவர் இயற்றிய விசிகால்க் என்ற விரிதாள் 1979ஆம் ஆண்டில் ஆப்பிள் 2 கணிப்பொறிக்காக வெளிவந்தது. அதில் எண்ணும் எழுத்துமே உண்டு. கட்டங்களுக்கு நிறமூட்டும் வசதி இல்லை. நிறம் பிற்காலத்தில் வந்து சேர்ந்த அலங்காரம். நிபந்தனைக்கு ஏற்பத் தானே நிறம் மாறும் வசதி எக்செலில் 1997ஆம் ஆண்டுப் பதிப்பிலும், நிறத்தைக் கொண்டு வடிகட்டும் வசதி 2007ஆம் ஆண்டுப் பதிப்பிலும் சேர்க்கப்பட்டன. கணக்கிடும் இயந்திரம் மதிப்புகளுக்காக அமைந்தது. நிறமோ அதன்மேல் பூசப்பட்ட வண்ணம்.

இன்னொரு விஷயமும் கவனிக்கத்தக்கது. கட்டத்தில் உள்ள எண்ணை மாற்றினால் அதனைச் சார்ந்த சூத்திரங்கள் உடனே புதிதாகக் கணக்கிடப்படுகின்றன. கட்டத்தின் நிறத்தை மட்டும் மாற்றினால் கணக்கு மாறியதாக விரிதாள் கருதுவதில்லை. ஆகையால் எந்தச் சூத்திரமும் அசைவதில்லை.

நிறத்தை மட்டும் நம்புவதால் விளையும் கேடு

எண்ணுவது கடினம் என்பது சிறிய குறையே. பெரிய குறை வேறு. நிறத்தைத் தீட்டுவது கை. ரசீதை எழுதுவதும் கை. இரண்டும் வெவ்வேறு நேரங்களில் நடைபெறும் வேலைகள். ஒரு குடும்பத்தார் பணம் செலுத்தி ரசீது பெற்றுச் சென்ற பிறகு, விரிதாளில் சிவப்பைப் பச்சையாக்க ஒருவர் மறந்துவிடக்கூடும். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு, 2022ஆம் ஆண்டின் அறிவிப்பால் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் கிராம சபைக்கு உரியனவாயின. அத்தகைய சபையில் ஊரார் முன்னிலையில் நிலுவைப் பட்டியல் படிக்கப்படும்போது, பணம் செலுத்திய குடும்பத்தின் பெயரும் அதில் சேர்ந்து ஒலிக்குமானால், அக்குடும்பத்திற்கு ஏற்படும் தலைகுனிவை எந்தச் சூத்திரமும் போக்க முடியாது. பஞ்சாயத்தின் மீது மக்கள் வைத்துள்ள நம்பிக்கையும் அன்றே குறைந்துபோகும்.

நிறத்திற்கு வேறு குறைகளும் உண்டு. பட்டியலைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறமாகத் தோன்றலாம். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத கண்ணுடையோர், குறிப்பாக ஆண்களில், எல்லா ஊர்களிலும் சிலர் உளர். பட்டியலைச் சிஎஸ்வி என்னும் எளிய கோப்பாக மாற்றி வேறு அலுவலகத்திற்கு அனுப்பினால் நிறம் முழுவதும் மறைந்துவிடும். எழுத்து மட்டுமே போய்ச் சேரும்.

மேலும், நம் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் சிவப்பு கணிப்பொறிக்கு ஒன்றன்று. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றும் ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை உள்ள அளவுகளில் கலந்து ஒரு நிறம் அமைகிறது. இவ்வகையில் 1,67,77,216 நிறங்கள் உண்டாகின்றன. இன்று ஒருவர் இட்ட சிவப்பும், நாளை மற்றொருவர் இட்ட சற்றே வேறான சிவப்பும் கணிப்பொறியின் பார்வையில் இரு வேறு நிறங்களே ஆகும்.

நிலையை எழுத்தால் குறிக்கும் முறை

இக்குறைகளுக்கெல்லாம் மருந்து எளியது. நிறத்தால் எதனைச் சொல்ல நினைக்கிறோமோ அதனை ஒரு தனி நெடுவரிசையில் சொல்லாக எழுதிவிட வேண்டும். நிறம் அச்சொல்லைப் பின்பற்றி வரவேண்டும். சொல் முன்னே, நிறம் பின்னே என்பதே விதி.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். ஒரு வார்டில் 40 வீடுகளுக்குக் குடிநீர் இணைப்பு உள்ளதென்றும், வீடு ஒன்றுக்கு ஆண்டுக் கட்டணம் 360 ரூபாய் என்றும் கொள்வோம். கட்டணம் ஊருக்கு ஊர் மாறுபடும். இது கணக்கை விளக்குவதற்காக மட்டும் கொண்ட தொகையாகும். விரிதாளின் முதல் வரிசையில் தலைப்புகளை எழுதி, 2 முதல் 41 வரையுள்ள வரிசைகளில் வீடுகளைப் பின்வருமாறு பதிய வேண்டும்.

ஏ: வீட்டு எண்
பி: குடும்பத் தலைவர் பெயர்
சி: செலுத்த வேண்டிய தொகை
டி: செலுத்திய தொகை
ஈ: ரசீது எண்ணும் தேதியும்
எஃப்: நிலை
ஜி: பாக்கித் தொகை

முதல் ஐந்தும் கையால் எழுதப்படுபவை. நிலையையும் பாக்கியையும் சூத்திரமே எழுதிவிடும். கணிப்பொறியில் சூத்திரங்களை ஆங்கில எழுத்துகளாலேயே இடவேண்டும். இங்கு அவற்றின் ஒலிப்பைத் தமிழில் தந்துள்ளோம். எஃப்2 கட்டத்தில் இடவேண்டிய சூத்திரம் வருமாறு:

=இஃப்(சி2="","",இஃப்(டி2>=சி2,"தீர்ந்தது",இஃப்(டி2>0,"பகுதி","நிலுவை")))

இதன் பொருள்: செலுத்த வேண்டிய தொகை எழுதப்படவில்லையெனில் ஒன்றும் எழுதாதே, முழுத் தொகையும் வந்திருந்தால் ‘தீர்ந்தது’ என்றும், சிறிதளவு வந்திருந்தால் ‘பகுதி’ என்றும், ஒன்றும் வராதிருந்தால் ‘நிலுவை’ என்றும் எழுது. தொடக்கத்தில் உள்ள வெற்றுக் கட்டச் சோதனையை விட்டுவிடலாகாது. அது இல்லையெனில், ஒன்றும் எழுதப்படாத வரிசைகளும் ‘தீர்ந்தது’ என்று காட்டி எண்ணிக்கையைக் கெடுத்துவிடும். ஜி2 கட்டத்தில் =இஃப்(சி2="","",சி2-டி2) என்று இட்டு, இரு சூத்திரங்களையும் 41ஆம் வரிசை வரை இழுத்து நிரப்ப வேண்டும்.

இங்கு ஒரு முக்கிய எச்சரிக்கை. தொகைகளை எண்ணாக மட்டுமே எழுத வேண்டும். ரசீதில் எழுதிப் பழகியபடி 180/- என்றோ, ரூ.180 என்று புள்ளியிட்டோ எழுதினால், கணிப்பொறி அதனை எண்ணாகக் கொள்ளாமல் சொல்லாகக் கொண்டுவிடலாம். விரிதாளின் ஒப்பீட்டில் சொல் எப்போதும் எண்ணைவிடப் பெரியதாகக் கருதப்படும். ஆகவே 180 ரூபாய் மட்டும் கட்டிய வீடு ‘தீர்ந்தது’ என்று தவறாகத் தோன்றும். அவ்வேளையில் ஜி நெடுவரிசையில் பிழைக்குறி ஒன்று வந்து நிற்கும். அதனைக் கண்டவுடன் தொகை எழுதப்பட்ட விதத்தைச் சோதிக்க வேண்டும்.

எண்ணுதலும் கூட்டுதலும்

நிலை எழுத்தாக வந்துவிட்ட பிறகு எண்ணுவது எளிது. =கவுண்ட்இஃப்(எஃப்2:எஃப்41,"நிலுவை") என்பது நிலுவை வீடுகளின் எண்ணிக்கையைத் தரும். =சம்இஃப்(எஃப்2:எஃப்41,"நிலுவை",ஜி2:ஜி41) என்பது அவ்வீடுகளின் பாக்கித் தொகையைத் தரும். மேற்கோள் குறிக்குள் ‘பகுதி’ என்று மாற்றினால் பகுதி செலுத்தியவர்களின் விவரம் கிடைக்கும்.

40 வீடுகளில் 25 வீட்டார் முழுத் தொகையும், 6 வீட்டார் 180 ரூபாய் வீதமும் செலுத்தியுள்ளனர். 9 வீட்டார் ஒன்றும் செலுத்தவில்லை என்று கொள்வோம். அப்போது கணக்கு வருமாறு:

வரவேண்டிய மொத்தம்: 14,400 ரூபாய்
வந்த தொகை: 9,000 + 1,080 = 10,080 ரூபாய்
நிலுவை வீடுகளின் பாக்கி: 3,240 ரூபாய்
பகுதி செலுத்திய வீடுகளின் பாக்கி: 1,080 ரூபாய்
மொத்தப் பாக்கி: 4,320 ரூபாய்

நிறத்தை மட்டும் பார்த்துச் சிவப்புக் கட்டங்களைக் கூட்டியிருந்தால் 3,240 ரூபாய் மட்டுமே பாக்கி என்று சபையில் கூறியிருப்போம். மஞ்சளில் மறைந்திருந்த 1,080 ரூபாய் கணக்கிலிருந்தே நழுவியிருக்கும். மோட்டார் பழுது, குழாய்ப் பழுது ஆகியவற்றிற்குப் பணம் போதவில்லை என்று கூறப்படும் இடங்களில் இத்தகைய நழுவல் சிறியதன்று.

கணக்கு சரியா என்பதை அறிய இரு சோதனைகள் உண்டு. மூன்று நிலைகளின் எண்ணிக்கையையும் கூட்டினால் மொத்த வீடுகளின் எண்ணிக்கை வரவேண்டும். இங்கு 25, 6, 9 சேர்ந்து 40 ஆகிறது. வந்த தொகையையும் பாக்கியையும் கூட்டினால் வரவேண்டிய மொத்தம் கிடைக்க வேண்டும். இங்கு 10,080, 4,320 இரண்டும் சேர்ந்து 14,400 ஆகிறது. வெறும் நிறமிட்ட பட்டியலில் இவ்விரு சோதனைகளையும் சூத்திரத்தால் செய்ய இயலாது என்பது வெளிப்படை.

நிறம் தானே வருவதற்கு

எழுத்து முறையைக் கைக்கொண்டால் நிறத்தைக் கைவிட வேண்டுமோ என்று ஐயுற வேண்டியதில்லை. முன்பு கையால் தீட்டிய நிறத்தை இனிக் கணிப்பொறியே தீட்டும். ஏ2 முதல் ஜி41 வரை தெரிவு செய்துகொண்டு, எக்செலில் ஹோம் பகுதியிலுள்ள கண்டிஷனல் ஃபார்மேட்டிங் என்பதைத் திறந்து, புதிய விதியைச் சூத்திரத்தால் அமைக்கும் வழியைத் தேர்ந்து, =$எஃப்2="நிலுவை" என்று எழுதிச் சிவப்பு நிறத்தைக் குறிக்க வேண்டும். கூகுள் ஷீட்ஸில் ஃபார்மேட் பட்டியலில் இதே பெயரால் இவ்வசதி உள்ளது. ‘பகுதி’, ‘தீர்ந்தது’ ஆகியவற்றிற்கும் இவ்வாறே தனித்தனி விதிகள் அமைக்கலாம். எஃப் என்னும் எழுத்துக்கு முன்னுள்ள டாலர் குறி, வரிசையின் எந்தக் கட்டமும் நிலை நெடுவரிசையையே பார்க்குமாறு செய்கிறது. அதனால் வரிசை முழுவதும் ஒரே நிறம் பெறுகிறது.

இதன்பின் ரசீதைப் பார்த்து டி கட்டத்தில் தொகையை எழுதிய அக்கணமே நிலை மாறும், பாக்கி மாறும், எண்ணிக்கை மாறும், நிறமும் மாறும். ஒருவர் மறந்தாலும் நிறம் மறக்காது. தொகையைப் பதிவது ஒன்றே மனிதர் செய்ய வேண்டிய வேலையாக மிஞ்சும்.

முன்பே நிறமிட்ட பட்டியலைத் திருத்துதல்

பல இடங்களில் பட்டியல் ஏற்கெனவே நிறத்தால் நிறைந்திருக்கும். அதனை எறிந்துவிட வேண்டியதில்லை. பின்வரும் முறையில் அதனைச் சீர்ப்படுத்தலாம்.

1. முதலில் கோப்பின் பிரதி ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். திருத்தங்களைப் பிரதியிலேயே செய்ய வேண்டும்.

2. எச் நெடுவரிசைக்குப் ‘பழைய நிறம்’ என்று தலைப்பிட வேண்டும். தலைப்பு வரிசையில் ஃபில்டர் எனப்படும் வடிகட்டியை அமைத்து, நிறத்தால் வடிகட்டும் வழியில் சிவப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சிவப்பு வரிசைகள் மட்டும் தெரியும். அவற்றின் எச் கட்டங்களில் ‘நிலுவை’ என்று எழுத வேண்டும். நிறப் பட்டியலில் இரு வகைச் சிவப்பு தென்பட்டால் இரண்டையும் தனித்தனியே வடிகட்ட வேண்டும்.

3. மஞ்சளுக்குப் ‘பகுதி’ என்றும், பச்சைக்குத் ‘தீர்ந்தது’ என்றும் இவ்வாறே எழுதி, வடிகட்டியை நீக்கிவிட வேண்டும்.

4. ரசீதுப் புத்தகத்தைக் கொண்டு டி, ஈ நெடுவரிசைகளை நிரப்ப வேண்டும். எஃப் நெடுவரிசையில் மேற்கூறிய சூத்திரத்தையும், ஐ2 கட்டத்தில் =இஃப்(எஃப்2=எச்2,"","சரிபார்க்க") என்பதையும் இட்டுக் கீழே இழுக்க வேண்டும்.

5. ‘சரிபார்க்க’ என்று தோன்றும் ஒவ்வொரு வீட்டிற்கும் ரசீதின் அடிக்கட்டையை மீண்டும் நோக்க வேண்டும். ரசீதும் நிறமும் மாறுபட்டால் ரசீதே செல்லும்.

6. எல்லாம் சரியான பிறகு, கையால் இட்ட பழைய நிறங்கள் முழுவதையும் அகற்றிவிட வேண்டும். இல்லையெனில் விதி பொருந்தாத கட்டங்களில் பழைய சிவப்பு எட்டிப் பார்க்கும்.

ஐந்தாம் படியே இவற்றுள் தலையாயது. கட்டிய பணத்திற்குப் பச்சை பெறாத குடும்பமும், கட்டாமலே பச்சை பெற்ற குடும்பமும் அங்கேதான் வெளிப்படும். நிலுவைப் பட்டியலைச் சபையில் படிப்பதற்கு முன் இவ்வேலை முடிந்திருத்தல் அவசியம்.

உடனடியாக ஒரு கூட்டுத்தொகை மட்டும் தேவைப்பட்டால், நிறத்தால் வடிகட்டிவிட்டு =சப்டோட்டல்(109,ஜி2:ஜி41) என்ற சூத்திரத்தைப் பட்டியலுக்குக் கீழே சற்றுத் தள்ளியுள்ள கட்டத்தில் இடலாம். அது கண்ணுக்குத் தெரியும் வரிசைகளை மட்டும் கூட்டும். 109க்குப் பதிலாக 103 என்று இட்டால் எண்ணிக்கை கிடைக்கும். வழக்கமான சம் சூத்திரமோ மறைந்துள்ள வரிசைகளையும் சேர்த்தே கூட்டும். இது அவசரத்திற்கு உதவும் வழியே அன்றி நிரந்தர முறையாகாது.

மாக்ரோ வழி வேண்டுமா?

நிறத்தின் எண்ணைப் படித்துச் சொல்லும் சிறு நிரல்களும் உள்ளன. எக்செலில் கெட்.செல் என்னும் பழைய மாக்ரோக் கட்டளையும், விபிஏ மொழியில் எழுதப்படும் நிரல்களும் இவ்வகையின. இவற்றால் நிறத்தை எண்ண முடியும் என்பது உண்மையே. ஆயினும் நிறத்தை மாற்றியவுடன் இவை தாமே புதுப்பித்துக்கொள்வதில்லை. பழைய விடையையே காட்டி நிற்கும். நிபந்தனையால் தோன்றிய நிறத்தை இவ்வகைச் சூத்திரங்கள் காண்பதுமில்லை. பாதுகாப்புக் கருதி மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2022ஆம் ஆண்டில் அப்பழைய மாக்ரோக்களை இயல்பாகவே தடைசெய்து வைத்தது. ஆகவே ஒரு கணிப்பொறியில் வேலை செய்யும் பட்டியல் மற்றொன்றில் வேலை செய்யாமற் போகலாம். பொதுப் பணத்தின் கணக்கை இத்தகைய அடிப்படையில் நிறுத்துவது உசிதமன்று.

விவசாயிகளுக்கு

இம்முறை தனிப்பட்ட விவசாயிக்கும் பயன்படும். பல துண்டுகளாக நிலம் வைத்திருப்போர் எந்த வயலுக்கு எப்போது மேலுரம் இடவேண்டும் என்பதை ஒரு விரிதாளில் குறித்துவைக்கலாம். ஏ நெடுவரிசையில் வயலின் பெயர், பி நெடுவரிசையில் நட்ட தேதி, சி நெடுவரிசையில் உரமிட வேண்டிய தேதி, டி நெடுவரிசையில் இட்ட தேதி ஆகியவற்றை எழுத வேண்டும். நிற விதிக்கான சூத்திரம் வருமாறு:

=அண்ட்($சி2<>"",$டி2="",$சி2<=டுடே())

டுடே என்பது அன்றைய தேதியைத் தானே அறிந்து கூறும். உரமிட வேண்டிய நாள் வந்தும் இடப்படாத வயல் அன்று காலையிலேயே சிவப்பாகத் தோன்றும். இட்ட தேதியை எழுதியவுடன் சிவப்பு நீங்கும். கையால் இட்ட நிறத்துக்கு நாள் தெரியாது. விதியால் வந்த நிறத்துக்கு நாள் தெரியும். மருந்து தெளித்தல், கால்நடைகளுக்குத் தடுப்பூசி போடுதல், கடன் தவணை செலுத்துதல் ஆகியவற்றிற்கும் இதே அமைப்பைக் கையாளலாம்.

முடிவுரை

நிறம் கண்ணுக்குத் துணை. எழுத்து கணக்குக்கு ஆதாரம். ரசீதிலிருந்து தொகையும், தொகையிலிருந்து நிலையும், நிலையிலிருந்து நிறமும் பிறக்க வேண்டும். இவ்வரிசை மாறாதவரை, பட்டியலை யார் கேட்டாலும், எப்போது கேட்டாலும், பஞ்சாயத்து அங்கத்தினர் தயக்கமின்றி விடை கூறலாம். பணம் செலுத்திய எந்தக் குடும்பமும் அச்சமின்றிச் சபையில் அமரலாம்.

பயிற்சி வினாக்கள்

1. உங்கள் வார்டின் பட்டியலில் நிறத்தால் மட்டும் குறிக்கப்பட்டு, எழுத்தால் குறிக்கப்படாத செய்திகள் யாவை?

2. மேற்கூறிய எடுத்துக்காட்டில், நிலுவை வைத்திருந்த 9 வீட்டாரில் நால்வர் 180 ரூபாய் வீதம் செலுத்தினால், மூன்று நிலைகளின் எண்ணிக்கையும் மொத்தப் பாக்கியும் எவ்வாறு மாறும்?

3. டி நெடுவரிசையில் ஒருவர் 360/- என்று எழுதியிருப்பதை எந்தக் குறியால் கண்டுகொள்ளலாம்?

இரண்டாம் வினாவின் விடை: தீர்ந்தது 25, பகுதி 10, நிலுவை 5, மொத்தப் பாக்கி 3,600 ரூபாய்.